மண்ணோடு பேசுவோம்: பாசி வளர்க்கும் பனி

போன மாதம் அலாஸ்காவின் டானனா ஆற்றங்கரைக் காட்டைப் பற்றி ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்தப் பத்தியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அந்த ஆற்றோரம் இரண்டு கோடைகாலம் மண்வெட்டியும் இரும்புக் கம்பியுமாக அலைந்தவள் நான். ஆகவே இந்த இதழ் முழுக்க அந்த மண்ணுக்கே.

கே: மகளைப் பார்க்க அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் போயிருந்தேன். ஜூலை மாதம் ஆற்றோரம் நடந்தபோது, சாம்பல் நிற வண்டல் திட்டின் மேல் மாவு தூவினாற்போல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. பனி என்று நினைத்துத் தொட்டேன், குளிரவில்லை. என்ன அது?

உப்பு, அம்மா. சமையலுப்பு இல்லை. ஜிப்சமும் கால்சியம் கார்பனேட்டும்தான் அதில் பெரும்பகுதி.

குளிர்நாட்டில் மண்மேல் உப்புப் பூக்குமா என்று முதலில் நானும் திகைத்தேன். ஃபேர்பேங்க்ஸில் ஓர் ஆண்டுக்கு மழையும் பனியும் சேர்த்து ஏறத்தாழ 280 மில்லிமீட்டர் தண்ணீர்தான் கிடைக்கிறது. பாலைக்குச் சற்று மேல், அவ்வளவே. ஆண்டு சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்கும் இரண்டு மூன்று டிகிரி கீழே இருப்பதால் ஆவியாவது குறைவு. அதனால்தான் அங்கே காடு நிற்க முடிகிறது. ஆனால் ஜூன் கடைசியில் சூரியன் ஒரு நாளில் 21 மணி நேரத்துக்கு மேல் வானத்தில் இருக்கும். நிழலில்லாத வெற்று வண்டல் திட்டு அந்த வெயில் முழுவதையும் வாங்கிக்கொள்ளும். திட்டுக்கு அடியில், அதிக ஆழமில்லாமல், ஆற்று நீர் ஊறி நிற்கிறது. வண்டலின் நுண்துளைகள் வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, அந்த நீர் மேலே ஏறுகிறது. நீர் ஆவியாகப் போய்விடும், அதில் கரைந்திருந்த உப்பு மேலே தங்கிவிடும்.

டானனா ஆற்றின் நீர் கோடையில் சாம்பல் கலந்த பால் மாதிரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அலாஸ்கா மலைத்தொடரின் பனியாறுகள் பாறையை அரைத்து அரைத்து அனுப்பும் மாவு அது. விரலில் தேய்த்தால் கோதுமை மாவு போலவே வழுக்கும். களிமண் போல ஒட்டாது, மணல் போல நறநறக்காது. அந்த வண்டலில் சுண்ணாம்பும் உண்டு. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டால் நுரைத்துப் பொங்கும். அந்த நுரையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வேறொரு கேள்வியில் அது திரும்ப வரும்.

செடிகள் வேர்விட்டு நிழல் பரப்பியதும் வெள்ளைப் படிவு மறைந்துவிடும். நீங்கள் பார்த்தது, பிறந்து சில ஆண்டுகளே ஆன நிலம்.

கே: "ஆற்று மேடை" என்று எழுதியிருந்தீர்கள். கரை வேறு, மேடை வேறா? அதன் வயதை எப்படிச் சொல்கிறீர்கள்?

ஆறு ஒரே இடத்தில் ஓடுவதில்லை. இந்தப் பக்கம் அரித்து அந்தப் பக்கம் போடும். போட்ட வண்டல் வெள்ளத்துக்கு வெள்ளம் உயரும். உயர உயர, அதன் மேல் வெள்ளம் ஏறுவது அரிதாகும். ஆறு தன் படுக்கையை ஆழமாக்கிக்கொண்டோ, வேறு பக்கம் விலகியோ போய்விட்டால், பழைய வெள்ளச் சமவெளி உயரத்தில் தனியே நின்றுவிடும். அதுதான் மேடை. டானனாவில் தண்ணீரை விட்டு உள்ளே நடந்தால், ஒவ்வொரு படி ஏறும்போதும் நிலத்தின் வயது கூடுகிறது. என் வாழ்க்கையில் நான் நடந்த நடைகளிலேயே மிகவும் பிடித்தது அந்த நடைதான். ஒரு முற்பகலுக்குள் சில நூறு ஆண்டுகளைக் கடந்துவிடலாம்.

முதலில் வெற்று வண்டலும் வெள்ளை உப்பும். அடுத்து வில்லோ புதர்கள். இடுப்பளவு, பிறகு தலைக்கு மேல். ஐந்து, பத்து ஆண்டுகளில் ஆல்டர் வந்து அடைத்துக்கொள்ளும். அதற்குள் நுழைவது சுலபமல்ல, கிளைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கைகோர்த்து நிற்கும். ஒரு ஆல்டர் வேரைப் பிடுங்கிப் பாருங்கள். பவளக் கொத்து மாதிரி முடிச்சுகள் தெரியும். அதற்குள் ஃபிராங்கியா என்ற பாக்டீரியா குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்கு ஊட்டுகிறது. பனியாறு அரைத்துக் கொடுத்த மாவில் சுண்ணாம்பு உண்டு, பொட்டாசியம் உண்டு, நைட்ரஜன் மட்டும் கிட்டத்தட்ட இல்லை. அந்தக் காடு பிற்பாடு நூற்றாண்டுக்கணக்கில் செலவழிக்கும் நைட்ரஜனில் பெரும்பங்கை இந்தப் புதர்தான் சில பத்தாண்டுகளில் சேர்த்து வைக்கிறது. உயர்ந்த மரங்களைப் படமெடுக்க வருகிறவர்கள் யாரும் ஆல்டரை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

ஆல்டரைத் தாண்டி பால்சம் பாப்லர் எழும். ஏறத்தாழ நூறு ஆண்டு வரை அதன் ஆட்சி. இலையுதிர் காலத்தில் அதன் இலை மொத்தமும் தரையில் விழுவதால் பாசிக்கு அங்கே இடம் கிடைக்காது, மூடிப்போகும். பாப்லர் நிழலிலேயே மெதுவாக வளர்ந்த வெள்ளை ஸ்ப்ரூஸ், பாப்லர்கள் சாயத் தொடங்கியதும் மேலெழும். ஸ்ப்ரூஸ் ஊசியிலை மரம், இலைப் போர்வை போடாது. அப்போது தரையில் பச்சை இறகுப்பாசி பரவத் தொடங்கும். இன்னும் மேல் மேடைக்குப் போனால் கறுப்பு ஸ்ப்ரூஸ். கைத்தடி பருமனில் குட்டையாக நிற்கும் மரம், நூறு வயதைத் தாண்டியிருக்கும்.

இந்த வரிசையையும் அதனோடு மண் மாறுவதையும் சேர்த்து அளந்தவர்களில் முதன்மையானவர் லெஸ்லி வீரெக். டானனாவில் கலக்கும் சீனா (Chena) என்ற ஆற்றின் கரையில், வெவ்வேறு வயதுக் காடுகளின் மண்ணை ஒப்பிட்டு அவர் எழுதிய ஆய்வு 1970இல் வந்தது. ஃபேர்பேங்க்ஸுக்குத் தென்மேற்கே டானனா கரையிலுள்ள பொனான்சா கிரீக் ஆய்வுக் காட்டில், 1987இல் நீண்டகாலச் சூழலியல் ஆய்வுத் திட்டம் ஒன்று தொடங்கியது.

கே: புவியியல் பாடத்தில் "ஊசியிலைக் காட்டு மண் = பாட்சால்" என்று படித்தேன். டானனா மண்ணும் பாட்சால்தானே? (கல்லூரி மாணவர்)

இல்லை, தம்பி. பாடநூல் ஒரு வரியில் சொல்வதில் விழுந்துவிடும் ஓட்டை இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாட்சால் என்பது ரஷ்யச் சொல். "பாட்" என்றால் அடியில், "சொலா" என்றால் சாம்பல். உழும்போது மேல்மண்ணுக்கு அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் ஓர் அடுக்கு புரண்டு வருவதைப் பார்த்த உழவர்களின் சொல்லிலிருந்து வந்தது. அது உண்மையில் சாம்பல் இல்லை. ஊசியிலைக் குப்பை மட்கும்போது கரிம அமிலங்கள் வரும். அவை மணலின் மேல் ஒட்டியிருக்கும் இரும்பையும் அலுமினியத்தையும் பற்றிக்கொண்டு நீரோடு கீழே இறங்கும். பூச்சு போன மணல் வெளிறித் தெரியும். இறங்கிய இரும்பு சற்றுக் கீழே காப்பிப் பொடி நிறத்திலோ துரு நிறத்திலோ படியும். வெளிறிய அடுக்கு மேலே, துரு அடுக்கு கீழே. ஒரு தடவை பார்த்தால் மறக்கவே முடியாது, அத்தனை அழகு.

இது நடக்க என்ன வேண்டும் என்று பாருங்கள். மேலிருந்து கீழே தாராளமாக ஓடும் தண்ணீர் வேண்டும். வடியக்கூடிய மணற்பாங்கான மண் வேண்டும். அமிலத்தைச் செல்லாக்காசாக்கும் சுண்ணாம்பு இருக்கக்கூடாது. போதுமான காலமும் வேண்டும், பெரும்பாலும் நூற்றாண்டுகள். மணலும் கூழாங்கல்லும் கொண்ட ஆற்று மேடைகள், மழை மிகுந்த குளிர்நாட்டில் இருந்தால், பாட்சாலுக்கு அருமையான இடம். அலாஸ்காவிலேயே தென்கிழக்குக் கடலோரத்தில், மழை கொட்டும் காடுகளுக்கு அடியில் நல்ல பாட்சால்கள் உண்டு.

டானனாவில் இந்த நிபந்தனைகள் கூடிவருவதில்லை. மழை குறைவு. வண்டலில் சுண்ணாம்பு இருக்கிறது. கீழே போக வேண்டிய நீரை, பழைய மேடைகளில் உறைந்த மண் தடுத்துவிடுகிறது. இளம் மேடைகளில் நீர் மேல்நோக்கி ஏறுகிறது என்று முதல் கேள்வியிலேயே பார்த்தோம். திசையே தலைகீழ். ஆக, அதே ஊசியிலை, அதே குளிர், ஆனால் மண் வேறு. அமிலச் சொட்டு இதைக் காட்டிக்கொடுக்கும். இளம் திட்டில் மேலிருந்தே நுரைக்கும். முதிர்ந்த ஸ்ப்ரூஸ் காட்டில் மேல்மண்ணில் நுரைக்காது, ஆழம் போன பிறகே நுரைக்கத் தொடங்கும். சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போயிருக்கிறது என்று பொருள். அமிலமாவதற்கான பயணம் தொடங்கிவிட்டது, பாட்சாலை அது எட்டவில்லை.

மண் எவ்வளவு விரைவாக அமிலமாகலாம் என்பதற்கு அலாஸ்காவின் கிளேசியர் பே (Glacier Bay) விரிகுடாப் பகுதியைப் பற்றி கிராக்கர், மேஜர் என்ற இரு ஆய்வாளர்கள் 1955இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. பனியாறு பின்வாங்கிய நிலத்தில் ஆல்டர் வளர்ந்தபின், மேல்மண்ணின் பி.எச். (குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று காட்டும் எண்) 8 அளவிலிருந்து 5 அளவுக்கு இறங்க அரை நூற்றாண்டுகூடத் தேவைப்படவில்லை. அங்கே மழை அதிகம். டானனாவில் இதே வேலை மிக மெதுவாக நடக்கிறது. தட்பவெப்பம், உயிர்கள், நில அமைப்பு, தாய்ப்பாறை, காலம் என்று ஐந்தையும் சேர்த்துத்தான் மண்ணைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ரஷ்ய மண்ணியலாளர் தொகுச்சாயெவ் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சொன்னார். மரத்தை மட்டும் பார்த்து மண்ணுக்குப் பெயர் வைத்தால், இந்த ஐந்தில் நான்கை விட்டுவிடுகிறோம்.

கே: பெர்மாஃப்ராஸ்ட் எனப்படும் நிரந்தர உறைமண் பனியுகத்தின் மிச்சம் என்று கேள்விப்பட்டேன். ஆற்றங்கரைக் காட்டில் அது எப்படி வந்தது? ஆறு அதை உருக்கிவிடாதா?

இந்த மாதத்தின் சிறந்த கேள்வி உங்களுடையது, ஐயா. கேள்வியின் இரண்டாம் பாதியிலேயே விடை இருக்கிறது. ஆறு உருக்கிவிடும். ஓடும் நீருக்கு அடியிலும் அருகிலும் நிலம் உறையாமல் இருக்கிறது. அப்படியானால் ஒரு காலத்தில் ஆறு ஓடிய இடத்தில், இன்று கறுப்பு ஸ்ப்ரூஸ் நிற்கும் மேடையில், உறைமண் எங்கிருந்து வந்தது? பனியுக மிச்சமாக இருக்க வழியில்லை. அது பிற்பாடு வந்தது. காடு வளர்ந்த பிறகு, காட்டினால் வந்தது.

பனியுகத்து உறைமண் உலகில் நிறைய உண்டு, ஃபேர்பேங்க்ஸைச் சுற்றியும் உண்டு. ஆனால் இந்த மேடைகளின் உறைமண்ணுக்கு மரங்களைவிட வயது குறைவாகக்கூட இருக்கலாம். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பூஜ்யம் டிகிரிக்கு மேல் போகாத நிலம் என்றால் அது பெர்மாஃப்ராஸ்ட். வரையறை அவ்வளவுதான். அதில் பழமை என்ற நிபந்தனையே இல்லை.

எப்படி நடக்கிறது? வெள்ளை ஸ்ப்ரூஸ் காட்டின் தரையில் இறகுப்பாசி பரவுகிறது என்றேன். ஆண்டுக்கு ஆண்டு அது மெத்தையாகத் தடிக்கும். அடியில் பாதி மட்கிய பாசியும் ஊசியும் சேரும். இருபது, முப்பது சென்டிமீட்டர் ஆகிவிடும். கோடையில் மேற்பாசி காய்ந்து காற்று நிறைந்து கிடக்கும். காய்ந்த பாசி வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி, வெயிலின் சூடு கீழே இறங்காது. இலையுதிர் காலத்தில் ஆவியாவது குறைந்து பாசி நனையும், பிறகு நனைந்தபடியே உறையும். பனிக்கட்டி, நீரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே மண்ணில் மிச்சமிருக்கும் சூடு குளிர்காலத்தில் அதே பாசி வழியே சுலபமாக வெளியேறிவிடும். ஒரே போர்வை, கோடையில் சூட்டை உள்ளே விடாது, குளிர்காலத்தில் சூட்டை வெளியே விட்டுவிடும். இதற்கு மேல் ஸ்ப்ரூஸ் கிளைகள் பனிப்பொழிவைத் தாங்கிப் பிடித்துக்கொள்கின்றன. தரையில் விழும் பனி ஒரு கம்பளி, அது மெலிந்தால் மண் இன்னும் குளிரும். நிழல் வேறு.

ஆகஸ்ட் மாதப் பிற்பகல் ஒன்றில், கறுப்பு ஸ்ப்ரூஸ் காட்டில் முழங்காலிட்டு உட்கார்ந்தேன். பாசியின் மேல் உள்ளங்கையை வைத்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. கையைப் பாசிக்குள் செருகினேன். மணிக்கட்டு போனதும் சில்லென்றது. முழங்கை போகும்போது விரல்கள் வலித்தன. நிமிர்ந்தால் நெற்றியில் வியர்வை. முழங்கை நீளத்துக்குள் இரண்டு பருவங்கள்! அன்றைக்கு இரும்புக் கம்பியை இறக்கிப் பார்த்தேன். அரை மீட்டரில் "தொம்" என்று நின்றது. கூழாங்கல்லில் பட்டால் கம்பி கரகரக்கும், கைக்கு அதிர்வு தெரியும். உறைமண்ணில் பட்டால் அதிர்வே இருக்காது, சுவரில் முட்டியதுபோல நின்றுவிடும். இரண்டு நாளில் கைக்கு அந்த வித்தியாசம் பழகிவிடும்.

அடியில் உறைந்துவிட்டால் நீர் வடியாது. மேல்மண் சேறாகும். குளிரிலும் ஈரத்திலும் மட்குவது நின்றுபோகும், பாசி இன்னும் தடிக்கும், நைட்ரஜன் மட்காத குப்பைக்குள் மாட்டிக்கொள்ளும். வெள்ளை ஸ்ப்ரூஸுக்கு இது ஒத்துவராது. வேரை மேலாகவே பரப்பிப் பிழைக்கும் கறுப்பு ஸ்ப்ரூஸ் இடம் பிடிக்கும். காடு தன் காலடி மண்ணைத் தானே குளிரவைத்து, கடைசியில் தன் மரத்தையே மாற்றிக்கொள்கிறது. மண்தான் காட்டைத் தீர்மானிக்கிறது என்று படித்துவிட்டுப் போனவள் நான். இரண்டு கோடைகளுக்குப் பிறகு அந்த வாக்கியத்தை என்னால் பழைய உறுதியோடு சொல்ல முடியவில்லை.

இதைக் கலைப்பது தீ. அலாஸ்காவில் 2004ஆம் ஆண்டுக் கோடையில் ஏறத்தாழ 66 லட்சம் ஏக்கர் எரிந்தது. மரம் எரிவதைவிட முக்கியம், பாசி எவ்வளவு ஆழம் எரிந்தது என்பது. பாதிப் பாசி மிஞ்சினால் கறுப்பு ஸ்ப்ரூஸ் திரும்ப முளைக்கும், உறைமண்ணும் தேறிவிடும். பாசிக்கு அடியிலுள்ள கனிமமண் தெரியும்வரை எரிந்துவிட்டால், இலையுதிர் மரங்களான பிர்ச்சும் ஆஸ்பெனும் நுழைந்துவிடும். அவற்றின் இலைக்குப்பை பாசியை அண்டவிடாது. மண் சூடேறி, உறைமட்டம், அதாவது உறைமண் தொடங்கும் ஆழம், கீழே இறங்கும்.

கே: அங்கே நிலம் வாங்கி, காட்டை வெட்டிவிட்டு வீடு கட்டினால், பயிர் வைத்தால் என்ன ஆகும்?

அது அடியில் இருக்கும் பனியின் அளவைப் பொறுத்தது. வெட்டும் முன் தோண்டிப் பாருங்கள் என்பதே என் முதல் பதில்.

ஃபேர்பேங்க்ஸ் அருகே அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் 1946இல் ஒரு சோதனை தொடங்கினார்கள். அடுத்தடுத்து மூன்று துண்டு நிலம். ஒன்றைத் தொடவில்லை. ஒன்றில் மரங்களை மட்டும் வெட்டினார்கள், பாசியை விட்டுவிட்டார்கள். மூன்றாவதில் மரம், பாசி எல்லாவற்றையும் வழித்தெடுத்தார்கள். 26 ஆண்டுகள் கழித்து அளந்தபோது, தொடாத நிலத்தில் உறைமட்டம் அப்படியே இருந்தது. மரம் மட்டும் போன நிலத்தில் 4.7 மீட்டர் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. எல்லாம் போன நிலத்தில் 6.7 மீட்டர். கெனத் லினெல் 1973இல் வெளியிட்ட முடிவு இது. இதைப் படித்த பிறகு, பாசியை "வெறும் பாசி" என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

உருகும் மண்ணில் பனி கொஞ்சமாகவே இருந்தால், நல்ல காலம். உறைமட்டம் இறங்கியதும் நீர் வடியும், சேறாக இருந்த மண் சில ஆண்டுகளில் பயிருக்கு ஏற்றதாக மாறும். டானனா பள்ளத்தாக்கில் வைக்கோல் புல்லும் பார்லியும் உருளைக்கிழங்கும் இப்படித் திருத்திய நிலங்களில் விளைகின்றன. ஆனால் அடியில் ஆப்பு வடிவப் பெரும் பனிக்கட்டிகள் இருந்தால் கதை வேறு. பனி உருகிய இடமெல்லாம் குழியாகும், இடையில் மேடு நிற்கும். ஃபேர்பேங்க்ஸ் பகுதியில் காடு திருத்திய வயல்கள் இப்படி மேடும் பள்ளமுமாகப் போனதை டிராய் பெவே 1954இல் விரிவாகப் பதிவுசெய்தார். அந்த வயலில் டிராக்டர் ஓட்டவே முடியாது. வீடானால், ஒரு மூலை மட்டும் இறங்கும்.

கே: இந்த மண்ணுக்கு அறிவியல் பெயர் உண்டா?

உண்டு. ஆற்றின் பெயரே மண்ணின் பெயர். "டானனா" மண், அலாஸ்காவின் மாநில மண். அமெரிக்க மண் வகைப்பாட்டில் உறைமண்களுக்கென்று "ஜெலிசால்" என்ற தனிப் பெருவகுப்பு இருக்கிறது. டானனா மண் அதில் "டர்பெல்" பிரிவைச் சேர்ந்தது. கலங்கியது என்று பொருள். இலையுதிர் காலத்தில் மண் மேலிருந்தும் உறையும், அடியிலுள்ள உறைமட்டத்திலிருந்தும் உறையும். நடுவில் மாட்டிய ஈரமண் நசுங்கிப் பிதுங்கும். பல நூறு தடவை இப்படி ஆகும்போது, கிடையாக இருக்க வேண்டிய அடுக்குகள் சுருண்டு மடிந்துபோகின்றன. குழியின் சுவரில் கறுப்பு மட்கு, நீலச்சாம்பல் வண்டலுக்குள் நாக்கு நீட்டியதுபோலத் தெரியும். நீலச்சாம்பல் நிறம், நீர் தேங்கிக் காற்று இல்லாமல் கிடந்ததன் அடையாளம். வேர் போன வழிகளில் மட்டும் துருச் சிவப்பில் புள்ளிகள் இருக்கும். குழி வெட்டிய உடனே பார்த்துக்கொள்ளுங்கள். காற்றுப் பட்டால் நீலம் மங்கிப் பழுப்பாகத் தொடங்கிவிடும்.

கே: வடக்கின் உறைமண்ணில் உள்ள கரி (கார்பன்) எல்லாம் வெளியே வந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

"எல்லாம்" வந்துவிடாது. ஆனால் கவலைக்கு நியாயமான காரணம் உண்டு. வடக்கின் உறைமண் பகுதிகளில் ஏறத்தாழ 1.5 லட்சம் கோடி டன் கரி மண்ணில் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். காற்றுமண்டலத்தில் இருப்பதைப்போல் சுமார் இரண்டு மடங்கு. அதில் ஒரு சிறு பங்கு வெளியேறினாலும் வெப்பநிலைக் கணக்கு மாறிவிடும். ஆற்று மேடைகளில் அந்தக் கரியைக் காவல் காப்பது மேலே சொன்ன பாசிப் போர்வைதான். காற்று எவ்வளவு சூடாகிறது என்பதோடு, போர்வை எங்கே எரிகிறது, எங்கே மிஞ்சுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்காமல் எந்த இடத்துக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கே: நான் ஒன்பதாம் வகுப்பு. அடுத்த கோடையில் அத்தை வீட்டுக்கு ஃபேர்பேங்க்ஸ் போகிறேன். தோண்டாமலே மண்ணைப் பார்க்க முடியுமா?

முடியும், கண்ணு. ஆறே உனக்காக வெட்டி வைத்திருக்கும். ஆற்றின் வெளிவளைவில், கரை செங்குத்தாக அரிக்கப்பட்ட இடத்தைத் தேடு. அத்தையைக் கூட அழைத்துக்கொண்டு போ. அந்த விளிம்பின் மேல் நிற்காதே, அது தொங்கிக்கொண்டிருக்கும். கீழேயும் அண்டாதே. எதிர்க்கரை வண்டல் திட்டிலிருந்து பைனாகுலரில் பார்ப்பதுதான் நல்லது.

சாம்பல் நிற வண்டலுக்கு நடுவே விரல் பருமனில் கறுப்புக் கோடுகள் ஓடுவது தெரியும். ஒவ்வொரு கோடும் ஒரு காலத்தின் காட்டுத் தரை. இலையும் ஊசியும் பாசியும் சேர்ந்து கிடந்தபோது வெள்ளம் வந்து வண்டலால் மூடிவிட்டது. அதன் மேல் மறுபடி இலை விழுந்தது, மறுபடி வெள்ளம். நான் வெட்டிய ஒரு குழியில் ஒரு மீட்டருக்குள் ஐந்து கோடுகள் இருந்தன. மேலே போகப் போக இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. நிலம் உயர உயர, வெள்ளம் கொண்டுவந்த வண்டல் மெலிந்திருக்கிறது.

பிறகு, கரையில் பாதி சாய்ந்து வேர் வெளியே தெரியும் ஒரு வெள்ளை ஸ்ப்ரூஸைப் பார். அதன் வேர்கள் ஒரே மட்டத்தில் இருக்காது. அடிமரத்தில் கீழே ஒரு வட்டம், சற்று மேலே இன்னொரு வட்டம், அதற்கும் மேலே மற்றொன்று என்று மாடி மாடியாக இருக்கும். வெள்ளம் வண்டலைப் போட்டு அடிமரத்தைப் புதைக்கும்போது, மரம் புதிய தரைக்குக் கீழே புதிதாக வேர் விடுகிறது. கறுப்புக் கோடுகளையும் வேர் மாடிகளையும் எண்ணி ஒரு காகிதத்தில் வரைந்துகொள். இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, மரம் முளைப்பதற்கு முன்பே வந்த வெள்ளங்களும் அந்தக் கரையில் இருக்கின்றன. வரைந்ததை எனக்கு அனுப்பு.